அப்பாவுக்குத் தனி டப்பா!

சென்னையில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில், டிசம்பர் பிறந்ததுமே சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி ஏறிவிடும். கறுப்பு உலர் திராட்சை, பேரீச்சை, அத்திப்பழம் எல்லாம் பொடியாக நறுக்கி 250 கிராம். அதன்மேல் 150 மில்லி பிராந்தி. இரண்டே வாரத்தில் பழமெல்லாம் பிராந்தியைக் குடித்துவிட்டு குண்டு குண்டாக உட்கார்ந்திருக்கும். பாட்டில் வாங்கித் தருவது ரூம்மேட்டின் அண்ணன். டாஸ்மாக் வரிசையில் நிற்கும் தைரியம் எங்களுக்கு இன்னும் வரவில்லை!

இந்தப் பழம் போய்ச் சேரும் இடம், சாக்லேட் கேக். 200 கிராம் டார்க் சாக்லேட்டையும் 150 கிராம் வெண்ணெயையும் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லேட் கட்டி தட்டிவிடும், ஜாக்கிரதை. 4 முட்டையை 150 கிராம் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, உருக்கியதை ஊற்றி, 75 கிராம் மைதா, 30 கிராம் கோகோ பவுடர் சலித்துச் சேர்த்து, கடைசியாகப் பழம். 160 டிகிரியில் 45 நிமிடம். குத்திப் பார்க்கும் குச்சியில் லேசாக ஈரம் ஒட்டும்போதே எடுத்துவிட்டால்தான் நடுப்பகுதி அல்வா மாதிரி இருக்கும்.

இந்த முறை இதை ஊருக்கு எடுத்துப்போக ஆசை. ஆனால், அப்பா குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அக்கம்பக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வந்தால், ''இதுல ஏதாச்சும் ஊத்தியிருக்கா?'' என்று கேட்பார். உடனே ஒரு சிரிப்பு எழும். ''ஓவன்ல வெச்சா எல்லாம் ஆவியாப் போயிடும் சார்!'' அப்பா பதில் பேசாமல் தட்டை அம்மா பக்கம் நகர்த்திவிடுவார்.

நிஜமாகவே ஆவியாகிறதா? எதையும் சரிபார்த்த பிறகே பதிவேற்றும் வேலை என்பதால் தேடிப் பார்த்தேன். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். ஓவன் சூடு 160. கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால், மாவிலுள்ள தண்ணீரோடு கலந்துவிட்ட ஆல்கஹால் அத்தனை சுலபமாக வெளியேறாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து பேக் செய்தால் 30 நிமிடத்துக்குப் பிறகு 35 சதவிகிதமும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 25 சதவிகிதமும் மிஞ்சும். நம்மூர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம். ஆக, என் ஜாடிக்குள் போனது 64 மில்லி. வெந்த பிறகும் சுமார் 20 மில்லி கேக்கிலேயே இருக்கும். 12 துண்டு போட்டால் துண்டுக்கு ஒன்றரை மில்லி சொச்சம்.

இதில் யாருக்கும் போதை ஏறாது. அப்பாவின் பயமும் போதை பற்றியதல்ல. ''அந்த வாசனை போதும்மா, பழசெல்லாம் கூப்பிடும்'' என்பார்.

அவருக்காக இன்னொரு கேக். 100 மில்லி ஆரஞ்சு சாறு, 50 மில்லி திக்கான தேயிலை டிக்காஷன், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி. சூடாக்கிப் பழத்தின்மேல் ஊற்றி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தேன். பிராந்திப் பழம்போல வாரக்கணக்கில் தாங்காது. மறுநாளே செய்துவிட வேண்டும். டீயின் துவர்ப்பு, பிராந்தி இல்லாத குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. வெனிலா எக்ஸ்ட்ராக்ட்டும் ஆல்கஹாலில் எடுப்பதுதான் என்பதால், அதற்குப் பதில் ஏலக்காய்.

மாற்றிப் போடுவதற்கு முன்னோடி உண்டு. 1883-ல் தலச்சேரியின் மாம்பள்ளி பாபு கிறிஸ்துமஸ் கேக் செய்தபோது, மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிப் போடச் சொன்னாராம் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன். பாபு சேர்த்ததோ, முந்திரிப்பழத்திலும் கதலி வாழையிலும் இறக்கிய உள்ளூர்ச் சரக்கு. ருசித்த பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்!

ஊருக்கு இரண்டு டப்பாக்கள் போயின. ஒன்றில் 'பிராந்தி உண்டு', இன்னொன்றில் 'பிராந்தி இல்லை' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, ''சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா'' என்றார். மூன்றாவது துண்டுக்குக் கை போனபோது அம்மாதான் சுகரை ஞாபகப்படுத்தினார்.