வாசக்கதவு புராணம்

திருவையாறு

பிரியமுள்ள தோழிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். வாசக்கதவுக்குத்தான் உடம்பு சரியில்லை. அடிப்பலகை உளுத்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் உப்பிக்கொண்டு, தோளால் இடித்தால்தான் திறக்கிறது. புதுசு போடலாம் என்று வாயெடுத்தேனோ இல்லையோ, வீடு இரண்டு கட்சியாகிவிட்டது.

இவருக்கு ஸ்டீல் கதவு வேண்டும். தேக்கு மாதிரியே வரி ஓடுகிறதாம், உப்பாதாம், கறையான் வராதாம். அத்தைக்கோ அது ரேஷன் கடை ஷட்டர்!

மேலண்டை வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களே, நேரே காரைக்குடிக்கே போய்விட்டார்கள். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில், இடித்த செட்டிநாட்டு வீடுகளின் கதவு, தூண் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த பர்மா தேக்கு, அழகுக்குக் கேட்பானேன். ஆனால் நம் தெரு நிலைக்கு அந்த உயரம் ஏது? அறுத்துப் பொருத்தியதில் கஜலட்சுமியின் ஒரு யானைக்குத் துதிக்கை போயிற்று. "அடுத்தவர் வீட்டு லட்சுமி இங்கே தங்குவாளா?" என்று அத்தை என் காதைக் கடித்தார். யாரிடமும் சொல்லிவிடாதே.

கடைசியில் ஆசாரி வந்துதான் வழக்கைத் தீர்த்தார். மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக உப்பாது. அதனால் சட்டம் கட்டி, காடியில் பலகையை ஒட்டாமல் செருகிவிட்டால் உப்பல் உள்ளேயே அடங்கிவிடும். தேக்கானாலும் வைரம் பாய்ந்ததாக இருக்கவேண்டும். வெள்ளை விழுந்த பலகையைக் கறையான் விடாது. இன்னொன்று கேள்: பெயிண்டர்கள் முகப்பு இரண்டையும் பளபளவென்று அடித்துவிட்டு, மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் தொடுவதே இல்லை. மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். காவிரி ஈரம் சுவரிலேயே ஏறுகிற ஊரில் இது போதாதா, கதவு கெட?

இப்போதே இழைத்துத் தரச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். மழையில் இழைத்தால் சித்திரையில் இடுக்கு வழியே பல்லி வருமாம். ஆகவே சித்திரையில்தான் வேலை; அப்போதும் மழைக்கென்று கொஞ்சம் இடம் விட்டே மாட்டுவாராம். நிலை பழைய வேங்கை, அதை அசைக்கப்போவதில்லை. தேக்கில் இரட்டைக் கதவு. கொல்லைப்புறத்துக்கு ஸ்டீல் போட்டுக்கொள்ளட்டும் என்று இவரைச் சமாதானப்படுத்தியாயிற்று.

உன் அண்ணன் கும்பகோணத்தில் வீடு கட்டுகிறாராமே. பலகையில் வெள்ளை இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை.