உம்மாவின் கைக்கடிகாரம்

அணிகலன் எது, கருவி எது? இரண்டையும் பிரிக்கும் கோடு பொருளில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? என் உம்மாவின் இடக்கையில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்த ஒரு சிறு கைக்கடிகாரம்தான் இவ்வினாவை என்னுள் எழுப்பியது.

1976ஆம் ஆண்டு ஆசிரியைப் பணியில் சேர்ந்த உம்மா, சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதனை வாங்கினார்கள். எச்.எம்.டி. நிறுவனத்தின் 'சுஜாதா'. பழைய நாலணாக் காசின் அளவே முகம். மெல்லிய கறுப்புத் தோல்வார். "வளையல் போடுற கையில வாட்ச் எதுக்கு?" என்றார்களாம் பெரியம்மா. "வளையல் மணி சொல்லுமா ராத்தா?" என்பது உம்மாவின் விடை.

அக்கேள்வி மிகப் பழையது. பாரிஸ் நகரக் கடிகாரக் கலைஞர் பிரெகே, நேப்பிள்ஸ் அரசி கரோலின் முராவுக்காக 1812இல் கைக்கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். ஆடவர் சங்கிலியிட்ட கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்த அக்காலத்தில், மணிக்கட்டில் கட்டுவது மகளிர் ஒப்பனையாகவே கருதப்பட்டது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் படைவீரர்கள் பெருமளவில் கட்டத் தொடங்கியபின், அதுவே கருவி என்னும் மதிப்பைப் பெற்றது. பொருள் மாறவில்லை; கைதான் மாறியது!

நம் நாட்டில் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்குப் பிறந்த பெண்கள் கடிகாரமே சுஜாதா. அதற்கு மின்கலம் இல்லை. நாள்தோறும் விரலால் சாவி கொடுக்க வேண்டும். முறுக்கிய வில் மெல்ல அவிழ, இருபுறமும் ஊசலாடும் சிறு சக்கரம் அவ்விசையை அளந்து முட்களுக்கு அனுப்பும்.

1993இல் வாப்பா மவுத்தானார்கள். உம்மா நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். வளையல்களைக் கழற்றியபோது, "வாட்சும் அலங்காரந்தானே" என்று யாரோ சொன்னார்கள். உம்மா மறுமொழி கூறாமல் அதனைக் கழற்றி அலமாரியில் வைத்தார்கள். ஆயினும், ஒவ்வொரு நாளும் சுபுஹுத் தொழுகைக்குப் பின் அலமாரி திறக்கும். சாவி கொடுக்கும் மெல்லொலி கேட்கும்.

பதினான்கு வயதில் இருந்த நான் ஒருநாள் கேட்டேன்: "கட்டாத வாட்சுக்குச் சாவி எதுக்கும்மா?"

"நின்னு போச்சுன்னா, அப்புறம் இன்னொருத்தர்கிட்ட மணி கேட்கணும்மா."

இத்தா முடிந்த மறுநாள் அதனைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார்கள். அன்றும் அவர்கள் யாரிடமும் மணி கேட்கவில்லை.

1984இல் தொடங்கப்பட்ட டைட்டன், நம் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் வழக்கம் அருகியது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கு நான்காண்டு முன்னர், பணி ஓய்வு பெற்ற நாளில், உம்மா சுஜாதாவை என் கையில் கட்டிவிட்டிருந்தார்கள்.

இப்போது அது நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. உதிரிப் பாகம் கிடைப்பது அரிது என்கிறார் பழுது பார்ப்பவர். வகுப்பில், "இன்னுமா சாவி கொடுக்கிறீங்க மேடம்?" என்று கைப்பேசி ஏந்திய மாணவியர் புன்னகைக்கின்றனர். நானும் புன்னகைக்கிறேன். மறுநாள் காலையில் நான்கு நிமிடத்தை முன்னே நகர்த்திவிட்டு, மறவாமல் சாவி கொடுக்கிறேன்.