நரிக்கு ஒரு சொல்லும் இல்லை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொரளையில் உனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்ததை உன் அம்மா முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தா. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 34 பேர், கிழமைக்கு ஒரு நூலகப் பாடவேளை, ஒரு அலுமாரி நிறையப் படப்புத்தகம். "பெரியம்மா, வாசிச்சுக் காட்டினால் 10 நிமிசத்தில முடிஞ்சிடுது. மிச்ச நேரம் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டிருக்கிறாய். இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஓர் ஆரம்பப் பாடசாலை நூலகத்தில் 18 வருடமாக நான் செய்துவரும் வேலையே அதுதான். அதனால் இந்த முறை மடல் உனக்கு. மற்ற வாசகர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

10 நிமிடத்தில் முடிகிறது என்றால் நீ எழுத்தை மட்டும் வாசித்திருக்கிறாய். படத்தை இன்னும் ஒருவரும் வாசிக்கவில்லை.

இங்கிலாந்தின் பற் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வந்த ஒரு புத்தகம் இருக்கிறது, 'ரோசீஸ் வோக்'. ஒரு கோழி உலாத்தப் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். முழுப் புத்தகத்துக்கும் ஒரே வாக்கியம், 32 சொல். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கோழிக்குப் பின்னால் ஒரு நரி வருகிறது. பாயப் போய்க் குப்பைவாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குகிறது. குளத்துக்குள் விழுகிறது. மாவு கொட்டி அதற்குள் புதைந்து போகிறது. எழுத்தில் அந்த நரிக்கு ஒரு சொல்லும் இல்லை.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதை எடுக்கும்போது, முதலில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் படத்தை மறைத்துக்கொண்டு சொல்வேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பிறகு வாயே திறக்காமல் பக்கங்களைக் காட்டுவேன். மூன்றாவது பக்கம் வருவதற்குள் பாதிப் பேர் எழும்பி நிற்பார்கள். போன வருடம் ஒரு பெடியன், 7 வயது, கையை உயர்த்தாமலே கேட்டான்: "அப்ப ரீச்சர் முதல் சொன்னது பொய்யா?" அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் அந்த ஒரு கேள்விதான். கோழிக்கு நரி வருவது தெரியுமா, தெரியாதா? தெரிந்தே நரியை அந்த வழியால் இழுத்துப் போனதா? அதன் கண்ணைப் பார், கழுத்தைப் பார், ஒரு தடவையாவது திரும்பியதா என்று பிள்ளைகள் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிச் சாட்சி தேடினார்கள். வாசிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இதில் எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளைக் கனத்தை மயானத்தடியில் தொடங்கிய தமிழருக்கு எதிரான கலவரம் எங்கள் ஒழுங்கைக்கு வந்துசேர அதிக நேரம் எடுக்கவில்லை. எனக்கு அப்போது 9 வயது. அப்பா வருடவாரியாகக் கட்டி வைத்திருந்த அம்புலிமாமா இதழ்கள் வீட்டோடு எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை, அதற்குப் பிறகு இந்த நாடு. எரிந்த அந்தப் புத்தகங்களின் ஒரு வசனம்கூட இன்று என் வாய்க்கு வருவதில்லை. ஆனால் அவற்றில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் வருகிறான். தோளில் பிணம், கையில் உருவிய வாள், பின்னால் இருட்டு. கண்ணை மூடினால் அந்தப் பக்கம் அப்படியே விரிகிறது. 9 வயதுப் பிள்ளை மணித்தியாலக்கணக்காக ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சும்மா இருக்கவில்லை.

இனி உன் நாட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்க எழுதி வரைந்து 1956இல் வெளியிட்ட 'குட ஹொரா', குடைத் திருடன். 1986இல் ஜப்பானில் சிறந்த பிறநாட்டுச் சிறுவர் நூலாகத் தெரிவானது. அதன் சிங்களப் பிரதியையே வகுப்புக்கு எடு. உன் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் வாசிக்க வராது, அதுதான் எங்களுக்கு வசதி. எழுத்து கை கொடுக்காத இடத்தில் கண் படத்துக்குத்தான் போகவேண்டும்.

கிரி மாமாவின் ஊரில் ஒருவரிடமும் குடை இல்லை. மழைக்கு வாழையிலை, சேம்பிலை, சாக்கு. அவர் பட்டினத்துக்குப் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். கோப்பிக் கடைக்குள் போய் வருவதற்குள் குடையைக் காணோம். திரும்ப வாங்குகிறார், திரும்பவும் காணோம். கடைசியில், திருடன் போகும் வழி தெரியட்டும் என்று குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் நான் அங்கே வந்திருந்தபோது, பொரளையில் ஒரு பாடசாலையில் இந்தப் புத்தகத்தை வகுப்பில் எடுத்துப் பார்த்தேன். முதல் அரைமணி நேரம் புத்தக அலுமாரியின் திறப்பைத் தேடுவதிலேயே போனது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பூட்டி, திறப்பை இன்னொரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. கிழிந்த புத்தகத்தை ஒட்டலாம். திறக்காத புத்தகத்தை என்ன செய்வது?

இலையைப் பிடித்துக்கொண்டு நனையும் ஊராரின் படத்தில் நிறுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், "எங்கட அம்மா பொரளைச் சந்தியில மழை வந்தா சொப்பிங் பேக்கைத் தலையில போடுவா" என்றாள். அதோடு வகுப்பே திறந்துகொண்டது. கடதாசித் துண்டு வந்த இடத்தில் அதே பெண் எழும்பி வழக்குப் பேசினாள்: "மழை பெய்தா கடதாசி நனைஞ்சு மண்ணோட ஒட்டிடும். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பார்?" எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். பக்கத்தைப் புரட்டாமல் "யார் எடுத்திருப்பார்?" என்று கேட்டேன். கோப்பிக் கடைக்காரர் என்றார்கள், காகம் என்றார்கள், கிரி மாமாவே எங்கோ மறந்து வைத்துவிட்டார் என்றார்கள். ஒன்றையும் நான் பிழை என்று சொல்லவில்லை. சிபில் அம்மையாரும் அப்படித்தான். அவர் மறைந்த 2020ஆம் ஆண்டில், பிள்ளைகள் எழுதிய 1,250 முடிவுகளோடு அவருடைய புத்தகம் ஒன்று கின்னஸ் பதிவேட்டில் ஏறியது.

சில கைப்பழக்கங்கள். இரவே தனியாக இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போ. பிள்ளைகளைப் பாயில் அரைவட்டமாக, நெருக்கி இருத்து. 34 பேருக்கும் தெரிய வேண்டுமென்றால் புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துச் சரிவாகப் பார்த்து வாசிக்கப் பழகவேண்டும், அதற்கு ஒரு மாதம் எடுக்கும். அட்டையிலேயே ஐந்து நிமிடம் நில். கதை முடிந்த உடனே "இதனால் அறியும் நீதி என்ன" என்று மட்டும் கேட்டுவிடாதே. எங்கள் தலைமுறைக்கு அந்தக் கேள்வி எத்தனை கதைகளைக் கசக்கச் செய்தது என்று நினைத்துப் பார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோர் வந்து கேட்பார்கள். அவர்களையும் ஒருநாள் பாயில் இருத்திக் கதை சொல்லு.

இன்னொன்று. சென்னையில் அச்சான புத்தகம் எடுத்தால் அதில் 'ஆட்டோ' என்றிருக்கும். உன் பிள்ளை 'த்ரீவீல்' என்பான். பாடப் புத்தகமோ 'முச்சக்கர வண்டி' என்று எழுதும். மலையகத்திலிருந்து வந்த பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, முஸ்லிம் வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பாயில் இருக்கிற வகுப்பு உன்னுடையது. படத்தைக் காட்டி "உங்கட வீட்டில இதுக்கு என்ன பெயர்?" என்று கேள். வந்த சொல்லையெல்லாம் கரும்பலகையில் எழுது. ஒன்றையும் அழிக்காதே.

அலுமாரிப் புத்தகம் தீர்ந்தால் கவலைப்படாதே. ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கைப் பிள்ளைகளுக்கென்றே தமிழிலும் சிங்களத்திலும் படப்புத்தகம் போட்டிருக்கிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம்.

நேற்று உனக்கு ஒரு பார்சல் போட்டேன். அதற்குள் அந்தக் கோழிப் புத்தகம் இருக்கிறது. என் சனிக்கிழமைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் தமிழ் எழுதி, கீலம் கீலமாக வெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்துக்குத் தமிழ் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிறது. தாண்டி, சுற்றி, ஏறி என்று பக்கத்துக்கு ஒரு வினையெச்சம் தொங்கிக்கொண்டே போகும், வாக்கியம் முடியவே முடியாது. வினைமுற்று வரவேண்டிய கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. அதை உன் பிள்ளைகள் எழுதட்டும். எழுதியதைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே 19 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
பெரியம்மா
ஸ்காபரோ