மின்தூக்கி வரை

முதுகு வலித்தால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றே தாத்தா நம்பினார். நாளடைவில் தசைகள் தளர்ந்தன. அசைந்தால் வலிக்குமோ என்ற அச்சமும் வளர்ந்தது. பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதையும் நிறுத்திவிட்டார்.

3 மாதங்களுக்குமேல் நீடிக்கும் கீழ்முதுகு வலிக்கு, உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் உடற்பயிற்சியையும் பரிந்துரைத்தது. நடை, நீச்சல், யோகா என அவரவர் உடலுக்கு ஏற்றதைச் செய்யலாம். பயிற்சியின்போது தோன்றும் இலேசான வலி பெரும்பாலும் ஆபத்தானதன்று. ஆனால், கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும்.

மருத்துவரின் ஆலோசனைப்படி, முதல் நாள் தாத்தா வீட்டிலிருந்து மின்தூக்கி வரை மட்டுமே நடந்தார். வாரந்தோறும் சிறிது தூரம் கூட்டினார். வலி முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும், இப்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாயில் வரை நடக்கிறார்.