பெயர் வெட்டிய அண்டா

பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தால் விளிம்பில் முதலில் தெளிவது ஒரு நெற்கதிர். பக்கத்தில் தாத்தாவின் பெயரெழுத்து இரண்டு. பாத்திரக்கடைக்காரர் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகத் தட்டியது. அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, கதிர் அவளுக்காக. கல்யாண வீட்டில் பத்து வீட்டு அண்டா கலந்து கிடந்தாலும் விளிம்பைத் தடவியே எங்களுடையதை எடுத்துவிடுவாள்.

12ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இரும்புக் கவசம் முகத்தை மூடிக்கொண்டதால், ஆளை அடையாளம் காண கேடயத்தில் சிங்கமும் கழுகும் எழுதினார்கள் என்பார்கள். அண்டாவுக்கும்தான் முகம் கிடையாது.

நம்மவர்கள் எழுதியதைவிடப் பாடியது அதிகம். தசாங்கம் என்று பேர். தலைவனின் பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, குதிரை, படை, முரசு, மாலை, கொடி என்று பத்து உறுப்பு. மாணிக்கவாசகர் கிளியைக் கேட்டுக் கேட்டுச் சிவனுக்கே அடுக்கினார். மாலை தாளிஅறுகு, கொடி ஏறு. தமிழய்யா இதை நடத்திய அன்று சாயங்காலம் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் உட்கார்ந்து நாங்களும் ஆளுக்கொரு தசாங்கம் கட்டினோம். எனக்கு ஆறு, புது ஆறு. குதிரை, வாடகை சைக்கிள். மலைக்குத்தான் திண்டாட்டம், டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? வைக்கோல் போரை வைத்தேன். கொடி கடைசிவரை அமையவில்லை.

அந்தச் சத்திரமே ஒரு பெண்ணின் அடையாளம்தான். இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தாம்பாளின் கடைசி ஆசைக்காகக் கட்டினார் என்பது ஊர்ப் பேச்சு. ஊருக்கும் முத்தாம்பாள்புரம் என்று பேர் விழுந்தது. ராஜா தன் புத்தகங்களில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு வைத்தார். அதுவும் பெயர் வெட்டுவது மாதிரிதானே?

சோழர் செப்பேட்டு முத்திரையைப் படத்தில் பார்த்தபோதுதான் வீட்டு அண்டா மறுபடி நினைவில் வந்தது. நடுவில் உட்கார்ந்த புலி, எதிரே இரண்டு மீன், கூடவே வில். மேலே குடை, இருபுறமும் விளக்கும் சாமரமும். மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. புலிக்குச் சொந்தமில்லாதவை. இங்கிலாந்து ராஜாக்களும் இப்படித்தான் 1340இல் பிரான்சின் லில்லிப் பூவைத் தங்கள் கேடயத்தில் ஏற்றினார்கள். 1801இல்தான் எடுத்தார்கள். சரபோஜி பட்டத்துக்கு வந்து அப்போது மூன்று வருஷம்.

எங்கள் பரணிலும் அப்படி ஒன்று உண்டு. ஏதோ கல்யாணத்தில் மாறி வந்த வெண்கலப் பானை. கழுத்தில் வெட்டியிருக்கும் மூன்றெழுத்து எங்கள் வகையறாவில் யாருக்கும் பொருந்தாது. பக்கத்தில் ஒரு பிறை. அப்பாயி அதில் ஒருநாளும் உலை வைத்ததில்லை. "ஊரான் வீட்டுப் பானைடா. கேட்டு வந்தா குடுத்துப்புடணும்" என்பாள்.

அவள் போய் இருபது வருஷமாகிறது. போகிக்கு முந்தின நாள் அண்டாவைத் தேய்த்த கையோடு அதையும் தேய்த்து, பிறை தெரிகிற பக்கம் வாசலைப் பார்க்கக் கவிழ்த்து வைக்கிறேன்.