ஓட்டைப் பாத்திரத்தில் ஒரு தோட்டம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர் இல்லங்களில் இன்று பொருள்களுக்குக் குறைவில்லை. மின்விசிறி உண்டு, குளிர்பதனப் பெட்டி உண்டு, தொலைக்காட்சியும் உண்டு. ஆனால் ஒரு செடியை நட்டு நீர் வார்க்க ஒரு முழம் மண் உண்டா என்று கேட்டால், பெரும்பாலோர் இல்லை என்றே விடை கூறுவர். வாடகை வீடு, அலுவலகக் குடியிருப்பு, அடுக்குமாடி வீடு ஆகிய இவற்றுள் ஒன்றில்தான் நம்மிற் பலர் வாழ்கின்றோம். இத்தகைய இல்லங்களிலும் பசுமைக்கு இடமுண்டு என்பதையும், அதற்குக் காசு மிகுதியாகச் செலவிட வேண்டுவதில்லை என்பதையும் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கற்றாழை, மருள், பிரண்டை, ரணகள்ளி முதலிய சதைப்பற்றுள்ள செடிகளை, பயனற்றவை என்று ஒதுக்கிய வீட்டுப் பாத்திரங்களில் வளர்க்கும் முறையே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நாம் தாவர நூல் கற்றோம் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி பார்க்கும் எளியோம். ஆயினும் இக்கலையை நாம் பயின்ற பள்ளி பெரிது. அது தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயம்.

தேவிகுளம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளது. 1877-ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைப்பகுதியைப் பெற்றார். காப்பி, சின்கோனா, நார்க்கற்றாழை என்று பலவற்றையும் பயிரிட்டுப் பார்த்த பின்னரே தேயிலை அங்கு நிலைபெற்றது. அத்தேயிலைக்காக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறியவர்கள் நம் முன்னோர். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் எருதுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அஃது இரண்டடி அகல ரயில் பாதையாயிற்று. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடியோடு கொண்டு போயிற்று. ரயில்வே ஊழியராகிய நமக்கு இதனைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. ஆகவே, பிறந்த மண்ணிலேயே பிறமொழி மாநிலத்தவராகவும், உழைத்த மண்ணிலேயே குடியிருப்போராகவும் வாழப் பழகியவர்கள் எங்கள் மக்கள்.

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். ஒவ்வொன்றிற்கும் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னே ஒரு சிறு வாசல். காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும் பெண்கள் மாலையில்தான் திரும்புவர். செடிகளைச் சீராட்ட அவர்களுக்கு ஏது பொழுது? இருப்பினும் எந்த வாசலிலும் பசுமைக்குப் பஞ்சம் இராது. பால்மாவு டப்பாவில் பத்துமணிப் பூ, அடி தேய்ந்த ஈயச் சட்டியில் கற்றாழை, கிழிந்த ரப்பர் பூட்சில் ரணகள்ளி, பிடி போன எனாமல் குவளையில் கற்பூரவல்லி என்று வரிசை வரிசையாக நிற்கும். நீர் வார்க்க மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடிகளையே அப்பெண்கள் தேர்ந்தெடுத்திருந்தனர்.

நம் தாயார் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஓய்வு பெற்றபின் லயத்து வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டங்களில் வழங்கும் பொது முறை. வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இருந்தால் அவர் பெயரில் தங்கலாம். நாமோ ரயில்வேக்கு வந்துவிட்டோம். தங்கை மணமாகிப் போய்விட்டாள். ஆகவே தாயாரும் வீட்டை ஒப்படைத்தார். வாசலோரம் அவர் வைத்த கொய்யா மரமும், பின்புறத்து மேரக்காய்ப் பந்தலும் அங்கேயே நின்றன. அவற்றைப் பெயர்த்துக் கொண்டுவர எவரால் இயலும்? ஆனால் பதினான்கு பாத்திரங்களில் இருந்த செடிகள் அவருடன் புறப்பட்டன. "கொய்யாவை விட்டுவிட்டு இந்த ஓட்டைச் சட்டிகளையா சுமப்பது, அம்மா?" என்று நாம் கேட்டதற்கு, அவர் சொன்ன விடை இன்றும் செவியில் ஒலிக்கிறது: "மண்ணுல வச்சது மண்ணுக்காரனுக்கு, தம்பி. சட்டியில வச்சதுதான் நமக்கு."

மறையூர், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டை வரை பேருந்து; அங்கிருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டிற்கு ரயில். இருக்கைக்கு அடியிலும் மடியிலும் செடிகளாகவே இருந்தன. உடன் வந்த பயணிகள் முதலில் நகைத்தனர், பிறகு விசாரித்தனர், இறங்கும்போது இருவர் ஆளுக்கொரு ரணகள்ளி இலையைக் கேட்டு வாங்கிக்கொண்டனர். அவ்வாறு வந்த தோட்டம்தான் இன்று ஒலவக்கோட்டு ரயில்வே குடியிருப்பில் எங்கள் திண்ணையை அணி செய்கின்றது. இக்குடியிருப்பும் எங்களுடையது அன்று. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதே.

இச்செடிகள் இவ்வளவு பொறுமை உடையனவாய் இருப்பதற்குக் காரணம் என்ன? பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அப்போது அவற்றின் நீர் ஆவியாகிப் போய்விடுகின்றது. சதைப்பற்றுள்ள செடிகளிற் பலவோ பகலெல்லாம் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் பெற்ற கரிவளியை ஒருவகைப் புளிப்பாக மாற்றிச் சேமித்து, மறுநாள் பகலில் வெயிலின் துணையால் உணவாக்கிக்கொள்கின்றன. இவ்வுண்மைக்கு முதற்குறிப்புத் தந்தவருள் ஒருவர் தரங்கம்பாடிக்கு மதப்பணியாளராக வந்து, பின்னர்ச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தாவர அறிஞராக விளங்கிய பெஞ்சமின் ஹெய்னே என்பவர். தம் தோட்டத்து ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும், நண்பகலில் சுவையற்றுப் போவதையும் அவர் கண்டு எழுதிய கடிதம் 1815-இல் லண்டனில் அச்சாயிற்று. நம் நாட்டுத் தோட்டமொன்றில் நிகழ்ந்த இச்சிறு சோதனை உலகத்தார் நூல்களில் இடம்பெற்றது பெருமைக்குரியதன்றோ!

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் பாத்திரம். வீட்டில் அடி ஓட்டையான எதுவும் இதற்கு உதவும். பழைய இட்லித் தட்டின் குழிகளில் துளைகள் முன்னரே இருக்கின்றன. அவற்றில் பத்துமணிப் பூவின் துண்டுகளை ஊன்றினால் சில வாரங்களில் தட்டு முழுதும் படரும். கேரளத்து அன்பர்கள் வீட்டில் பழைய புட்டுக்குழல் இருக்குமாயின், அதன் துளைத்தட்டை அடியில் பொருத்தி மருளை நடலாம். குழலைப் போலவே செடியும் நிமிர்ந்து நிற்கும். தூக்குச்சட்டிக்குப் பிடி இருப்பதால் உத்தரத்தில் தொங்கவிடலாம். மூக்குடைந்த தேநீர்க் கெண்டி, விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, வீட்டின் பின்புறம் கிடக்கும் ஆட்டுக்கல் ஆகியவையும் ஏற்றவையே.

தகர டப்பாவைக் கட்டைமேல் கவிழ்த்து, ஆணியால் அடியில் நான்கைந்து துளைகள் இடுக. கூரான விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடக்குக. துளையிட இயலாத பீங்கான் ஜாடிக்குள் சிறு மண்தொட்டியை இறக்கி வைப்பது நலம். ஆட்டுக்கல்லை மழைபடாத இடத்தில் வைத்து, கரண்டி அளவாக நீர் வார்த்தல் வேண்டும். பூச்சிமருந்து இருந்த டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்கற்க. எத்தனை முறை கழுவினும் அஃது ஆகாது.

அடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைப் பரப்பி, செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மட்கிய எரு அரைப்பங்கு கலந்து நிரப்புக. வெட்டிய தண்டை உடனே நடுதல் கூடாது. நிழலில் நான்கைந்து நாள் வைத்து, வெட்டுவாய் உலர்ந்த பின்னரே ஊன்றுதல் வேண்டும். ரணகள்ளிக்கு அதுவும் வேண்டுவதில்லை. ஓர் இலையை மண்மேல் கிடத்தினாலே ஓரங்களில் குட்டிகள் முளைக்கும். நடுவில் உயர்ந்த செடி, சுற்றிலும் குட்டையானவை, விளிம்பில் தொங்குபவை என்று அமைத்தால் காண அழகாயிருக்கும். விரலை மண்ணுள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் சிறிதும் இல்லையெனில் நீர் வார்க்க. இச்செடிகள் தாகத்தால் சாவது அரிது. மிகுந்த நீரால் வேர் அழுகிச் சாவதே பெரும்பான்மை. கள்ளிவகைகளின் பால் கண்ணில் பட்டால் கேடு விளையும். குழந்தைகள் உள்ள வீட்டார் அவற்றை விலக்குக.

இடமறிந்து செடி தேர்தலும் இன்றியமையாதது. தேவிகுளத்தில் ஆனி, ஆடி மழைக்கும், தை மாத உறைபனிக்கும் செடிகளை இறவாணத்தின் உட்புறம் நகர்த்துவோம். பாலக்காட்டிலோ கணவாய்க் காற்றும் கோடை வெயிலும் கடுமை. தாயார் கொணர்ந்தவற்றுள் ரோஜாப்பூ வடிவான மலைச்செடிகள் மூன்று முதற்கோடையையே தாங்கவில்லை. கற்றாழையும் மருளும் பிரண்டையும் மலையில் இருந்ததைவிடச் செழித்தன.

இச்செடிகளுள் பலவும் நம்மைப்போல் வந்தேறியவையே. கற்றாழையின் தாயகம் அரேபியா; ரணகள்ளியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. இருப்புப்பாதை ஓரத்தில் வேலியாக நின்று ரயில் கற்றாழை என்றே பெயர்பெற்ற செடி அமெரிக்கக் கண்டத்தது. சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்தே வந்தது; அது நம் நாட்டில் காடாய்ப் பரவி நிலங்களைக் கெடுத்தபோது, 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைச் செதிற்பூச்சியைக் கொணர்ந்து அடக்க வேண்டியதாயிற்று. ஆகையால் வேண்டாத துண்டுகளைக் கண்ட இடத்தில் எறிதல் தகாது.

பாத்திரத்துச் செடி சொந்த நிலத்திற்கு ஈடாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. தாயார் இன்றும் சில மாலைகளில் கொய்யா மரத்தைப் பற்றிப் பேசுவதுண்டு. இவ்வாண்டு காய்த்ததோ, அணில் தின்றதோ, அவ்வீட்டுக்குப் புதிதாய் வந்தவர்கள் பறித்து உண்டார்களோ என்று கேட்பார். அக்கேள்விக்கு எந்தச் சட்டியிலும் விடையில்லை. முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தவருக்கு மரம் வைக்க ஒரு சாண் மண் வேண்டும் என்பது நியாயமான ஆசையே. அது கைகூடும் நாள் வரையில், கையோடு எடுத்துச் செல்லத்தக்க பசுமையாவது இருக்கட்டும் என்பதே எங்கள் எண்ணம்.

குடியிருப்பிலிருந்து மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களுக்கு இப்போது தாயார் ஒரு டப்பாச் செடியைக் கொடுத்தனுப்புகின்றார். ஈரோட்டிலும் மங்களூரிலும் அவை வளர்வதாகச் செய்தி வந்திருக்கின்றது. அடுத்த திங்கள் நம் சங்கக் கூட்டத்திற்குப் பிரண்டைக் கணுக்களும் ரணகள்ளி இலைகளும் கொண்டு வருவோம். வேண்டும் அன்பர்கள் வீட்டில் ஒதுக்கிக் கிடக்கும் ஓட்டைப் பாத்திரமொன்றை எடுத்து வந்தால் போதும்.