படம் சொன்னதும் குச்சி சொன்னதும்

எமது பகுதியில் நெஞ்சுப் படம் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் எல்லோரும் வைத்தியர்தான். பழுப்பு உறையிலிருந்து அதை உருவி, வாசலில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்து, "இஞ்ச பாருங்கோ, இதுதான்" என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். வன்னியில் நான் வேலை செய்த கிராமங்களில் பல வீடுகளில் காணிப் பத்திரம், மரண அத்தாட்சிப் பத்திரம், காணாமற்போனவரைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றோடு ஒரு எக்ஸ்றே படமும் பத்திரமாக இருக்கும். 2009 இல் உடம்புக்குள் புகுந்த செல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

ஆகவே 2021 ஆகஸ்டில் அந்த அக்கா தொலைபேசியில் சொன்னது எனக்குப் புதினமாகப் படவில்லை. (பெயர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன்.)

"பிள்ளை, நாலு நாளாக் காய்ச்சலும் இருமலும். நான் ரவுனுக்குப் போய்ப் படம் எடுக்கப் போறன். மூக்குக்குள்ள குச்சி விடுறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ."

அவவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கணவரை முள்ளிவாய்க்காலில் இழந்தவ. வலது விலாப்பக்கம் இரண்டு செல் துண்டுகள் இருக்கின்றன. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பின் காசநோய் வந்து, ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் குளிசை போட்டு மாற்றிக்கொண்டவ. வீட்டில் எண்பதை நெருங்கிய தாயார் இருந்தா. தங்கையின் மகளும் அங்கே நின்றுதான் படித்தாள்.

குச்சியில் அவவுக்கு என்ன பயம்? மூக்கு நோகும் என்பது வெளியே சொன்ன காரணம். 2020 இல் தனிமைப்படுத்தல் நிலையங்களை இராணுவமே நடத்தியது. பெயர் எழுதுவது, பேருந்தில் ஏற்றுவது, வேலிக்குள் விடுவது, எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாமல் காத்திருப்பது. இதை ஒருமுறை அனுபவித்தவளுக்கு "பொசிற்றிவ்" என்ற சொல் நோயின் பெயராகக் கேட்காது. கிழக்கில் முஸ்லிம் சகோதரிகளின் பயம் இதைவிடக் கொடியது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, இறந்தவருக்குப் பரிசோதனையில் தொற்று என்று வந்தால் உடலை எரித்தே தீரவேண்டும் என்ற விதி இருந்தது. பின்னர்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். அந்த விதிக்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2024 இல். ஆய்வுகூடத்தின் ஒரு துண்டுக் காகிதத்துக்கு இவ்வளவு பலம் இருந்த காலத்தில், பெண்கள் அதை விட்டு ஓடியதை அறியாமை என்று எழுதுவோர் மீது எனக்குக் கோபம் உண்டு. படம் எடுத்தால் யாரும் பேருந்து கொண்டு வருவதில்லை. படத்தை நாமே எடுத்து, நாமே வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

மறுநாள் பின்னேரம் அழைப்பு வந்தது. "பிள்ளை, படம் கிளியராம். பழைய தழும்புதானாம், புதுசா ஒண்டும் இல்லையாம்." அவவின் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் தொற்றிக்கொண்டது. "நல்லது அக்கா, கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ, ஆறியிருங்கோ" என்றேன். எனது குறிப்புப் புத்தகத்தில் அன்றைய திகதியின் கீழ் "கொரோனா இல்லை" என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களும் என் கையெழுத்தில் இன்னும் இருக்கின்றன.

நான் சமூகவியல் படித்தவள், மருத்துவம் படித்தவள் அல்ல. பின்னர் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை என் மொழியில் சொல்கிறேன்.

நெஞ்சுப் படம் காட்டுவது சுவாசப்பைக்கு என்ன நடந்திருக்கிறது என்பதை. காற்று இருக்க வேண்டிய இடம் கறுப்பாகவும், நீரோ சளியோ தழும்போ உள்ள இடம் வெள்ளையாகவும் விழும். யார் அதைச் செய்தது என்று படத்துக்குத் தெரியாது. கொரோனா, இன்புளுவென்சா, வேறு கிருமியால் வந்த நிமோனியா, பழைய காசநோய் எல்லாமே வெள்ளை நிழல்தான். நிழல் எந்த இடத்தில், எந்த மாதிரி இருக்கிறது என்று பார்த்து அனுபவமுள்ள கண் ஊகிக்கும். அதற்குமேல் உறுதி சொல்லாது. இன்னொன்று, வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியேறுகிறது. பலருக்கு அது சுவாசப்பைக்குள் இறங்குவதே இல்லை. அப்படிப்பட்டவருடைய படம் சுத்தமாக இருக்கும். ஆனால் அவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றும்.

ஆய்வுகூடம் பார்ப்பது வேறொன்றை. குச்சியில் ஒட்டி வந்த சுரப்பில் அந்த வைரசுக்கே உரிய மரபுப் பொருளின் சிறு துண்டு இருக்கிறதா என்று பி.சி.ஆர். தேடுகிறது. ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காக எனப் பலமுறை பெருக்கிப் பார்ப்பதால் மிகச் சிறிதளவு இருந்தாலும் பிடிபடும். அன்ரிஜன் சோதனை வைரசின் புரதத்தைத் தேடுகிறது. கால் மணி, அரை மணி நேரத்தில் விடை வரும், ஆனால் வைரஸ் குறைவாக இருந்தால் தவறவிடும். எந்தச் சோதனையானாலும் சுவாசப்பை எவ்வளவு பழுதாகிவிட்டது என்பதைக் குச்சியால் சொல்ல முடியாது.

படத்தின் மேல் இப்படி நம்பிக்கை வைத்தவர்கள் எங்கள் பெண்கள் மட்டுமல்ல. சீனாவின் வூஹான் நகரில் 2020 தொடக்கத்தில் பி.சி.ஆர். வசதி போதவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு விடை வர நாள்கள் எடுத்தன. அதனால் அந்த மாகாணத்தில் நெஞ்சுப் படத்தையும் அறிகுறியையும் வைத்தே நோயாளர் என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். பெப்ரவரி 13 ஆம் திகதி அறிவித்த 14,840 புதிய நோயாளரில் 13,332 பேர் அவ்வாறு சேர்க்கப்பட்டவர்கள். உலகமே திடுக்கிட்டது. ஒரு கிழமைக்குள் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

அந்த நகரின் வைத்தியசாலை ஒன்றில் 1014 பேருக்குச் சி.ரி. ஸ்கானையும் பி.சி.ஆரையும் ஒப்பிட்டார்கள். பி.சி.ஆரில் தொற்று என்று வந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு ஸ்கானிலும் அடையாளம் தெரிந்தது. இந்த 97 என்ற எண்தான் எங்கும் பரவியது. அதே ஆய்வில் இன்னொரு எண் இருந்தது: பி.சி.ஆரில் தொற்று இல்லை என்று வந்தவர்களிலும் நூற்றுக்கு 75 பேருக்கு ஸ்கான் அடையாளம் காட்டியது. அவர்களிற் சிலரைப் பி.சி.ஆர். தவறவிட்டிருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பேரைச் சந்தேகத்துக்குள் இழுக்கும் கருவியை மட்டும் நம்பி ஒருவருக்கு நோயின் பெயர் சூட்ட முடியுமா? பின்னர் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிய கொக்ரேன் அமைப்பு, சாதாரண எக்ஸ்றே நோயுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 73 பேரைத்தான் கண்டுபிடிக்கிறது என்று 2022 இல் கணித்தது. நம்மூரில் எளிதாகக் கிடைப்பது அந்த எக்ஸ்றேதான். ஸ்கானுக்குப் பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அதன் கதிர்வீச்சும் எக்ஸ்றேயைவிடப் பல மடங்கு அதிகம்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். படம் எடுத்த ஐந்தாம் நாள் தாயாருக்குக் காய்ச்சல் வந்தது. அக்காவின் இருமலோ குறைந்துகொண்டு வந்தது. "படம் கிளியர்" என்றபடியால் அவ ஒதுங்கியிருக்கவில்லை. தாயாரைக் குளிப்பாட்டியதும் சோறு தீத்தியதும் அவதான். ஏழாம் நாள் ஆச்சி பேசும்போது மூச்சு வாங்கியது. நான் அறிவித்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். விரலில் மாட்டிய ஒக்சிமீற்றர் 84 காட்டியது. 94 இற்குக் கீழே போனாலே பயப்பட வேண்டும் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். அம்புலன்சில் ஏற்றினோம். வைத்தியசாலையில் அன்ரிஜன் சோதனைக்கு இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. ஆச்சிக்குத் தொற்று. அக்காவுக்கு எடுத்த பி.சி.ஆரும் பொசிற்றிவ்.

விடுதியில் ஆச்சிக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கீழ்ப்பகுதி பஞ்சு வைத்ததுபோல் வெள்ளை என்று தாதி சொன்னா. அங்கே படத்துக்கு வேலை இருந்தது. நோயின் பெயர் ஏற்கனவே தெரியும், எவ்வளவு தூரம் போய்விட்டது என்று பார்க்கத்தான் அதை எடுத்தார்கள். ஒட்சிசனைக் கூட்டினார்கள். ஆச்சி ஆறாம் நாள் போய்விட்டா. மூடிய பெட்டியைத் தூரத்தில் நின்று பார்க்க இரண்டு பேருக்கு அனுமதி தந்தார்கள். போரில் எத்தனையோ பேரைப் பார்க்காமலே அனுப்பிய குடும்பம் அது.

எட்டுக் கழித்துப் போனபோது அக்கா அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. "எனக்கு இங்கிலீசு தெரியாது பிள்ளை, என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ." படத்தோடு ஒரு சிறு துண்டு. அதில் மூன்று வரிகள். வலது மேற்பகுதியில் பழைய தழும்பு, உலோகத் துண்டுகள். புதிய நிமோனியா இல்லை. பி.சி.ஆர். செய்யவும்.

அந்த வைத்தியர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நிமோனியா இல்லை என்று அவர் சொன்னதை அக்கா கொரோனா இல்லை என்று கேட்டா. நான் அப்படியே எழுதிக்கொண்டேன். துண்டு ஏதும் தந்தார்களா, அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி வரியைத் தமிழில் வாசித்தபோது என் குரல் தடுமாறியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தேத்தண்ணீர் வைத்தா.

குச்சியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதே மாதத்தில் தையல் நிலையம் ஒன்றில் வேலை செய்த பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்றே அன்ரிஜன் செய்து "இல்லை" என்று வந்தது. சந்தோசமாக வேலைக்குப் போனாள். நான்காம் நாள் மீண்டும் செய்தபோது "இருக்கு". பி.சி.ஆர்கூட நாளைப் பொறுத்ததுதான். 2020 இல் வெளியான ஒரு கணிப்பின்படி அறிகுறி தொடங்கும் நாளில் எடுத்தால் நோயுள்ள நூறு பேரில் 38 பேரளவில் தவறலாம், மூன்று நாள் கழித்து எடுத்தால் அது 20 ஆகக் குறையும். அதன் பின் வைரஸ் கீழே இறங்கி, மூக்கில் இல்லாமல் சுவாசப்பையில் இருக்கும் கட்டமும் சிலருக்கு உண்டு. குச்சி "இல்லை" என்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் அப்போது படம் கைகொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: பி.சி.ஆர். கிடைக்காவிட்டால், விடை தாமதமானால், இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது பேருந்தும் இல்லை, வேலியும் இல்லை. காய்ச்சலும் இருமலும் இருக்கின்றன. என்னிடம் வரும் பெண்களிடம் நான் மூன்று கேள்விகளை விடாமல் கேட்கிறேன்: எத்தனையாம் நாள்? மூச்சு எப்படி? துண்டில் என்ன எழுதியிருக்கிறது? கர்ப்பமாக இருக்கலாம் என்றால் படம் எடுக்குமுன் சொல்லிவிடுங்கள் என்பேன். விறகடுப்புப் புகையில் இருபது முப்பது வருடம் நின்றவளும், ஒருமுறை காசநோய் வந்தவளும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பழைய நிழலும் புதிய நிழலும் குழம்பிப்போகும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் கொரோனாவோடு நின்றுவிடாமல் சளியையும் சோதிக்கக் கேளுங்கள். காசநோய்க் கிருமியைக் காட்டுவதும் சளிதான்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்கு மீண்டும் இருமல். இம்முறை போய்விட்டு வந்த பிறகுதான் எனக்கு அழைப்பு எடுத்தா.

"குச்சியும் விட்டவை, சளியும் எடுத்தவை. ரெண்டிலயும் ஒண்டும் இல்லையாம், துண்டு தந்தவை, நீங்கள் வரேக்க வாசியுங்கோ. பழைய படத்தையும் கொண்டு போனனான் பிள்ளை. எது செல் பீஸ், எது தழும்பு எண்டு அவையளுக்குத் தெரியவேணும்தானே."